வால்வு ஆம்ப்பும் வாடகை வீடும்

போன மாசம் ரெண்டு நண்பர்கள் ஒரே கேள்வியைக் கேட்டாங்க. ஒருத்தர் புனே, இன்னொருத்தர் குர்கான். ரெண்டு பேர் வீட்டிலும் கிட்டார் வாசிக்கிற பிள்ளைங்க. "டியூப் ஆம்ப்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். விலையைக் கேட்டா தலை சுத்துது. அப்படி என்னதான்யா இருக்கு அதுல?" எங்க வீட்டில் அந்தச் சாமான் ஒன்பது வருஷமா கூடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறது அவங்களுக்குத் தெரியும். தனித்தனியா பதில் சொல்றதுக்கு இங்கேயே எழுதிடறேன். கிட்டார் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம். பாதிக்கு மேல் வாடகை வீட்டுக் கதைதான்.

முதல்ல, டியூப்னா டியூப் லைட் இல்லை. வால்வு. எங்க அம்பாசமுத்திரம் வீட்டில் தாத்தா ஒரு வால்வு ரேடியோ வச்சிருந்தார். திருகின உடனே பாடாது. உள்ளே மஞ்சளா கனல் தெரியும், அரை நிமிஷம் ஒரு உறுமல், அப்புறம்தான் இலங்கை வானொலி எங்கேயோ கிணத்துக்குள்ளே இருந்து ஏறி வரும். டிரான்சிஸ்டர் வந்ததும் அந்த ரேடியோ பரண்மேல் போச்சு. ஊர் உலகத்தில் எல்லா வால்வும் அப்படித்தான் போச்சு. ஒரு கூட்டம் மட்டும் விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதுதான் கிட்டார் கூட்டம்.

ஏன்னா ஒரு காரணம் இருக்கு. எந்த ஆம்ப்ளிஃபையரையும் அதன் சக்திக்கு மேல் விரட்டினா ஒலி உடையும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது பட்டுன்னு வெட்டின மாதிரி உடையும், காதைக் குத்தும். வால்வில் கொஞ்சம் கொஞ்சமா மழுங்கி உடையும். மெதுவா மீட்டினா சுத்தமா கேக்கும், அழுத்தி மீட்டினா கரகரக்கும். விரல் எவ்வளவு அழுத்துதோ அவ்வளவு. பாடறவங்க தொண்டை உச்சத்தில் லேசா கம்முமே, அந்த மாதிரி. அதுக்காகத்தான் இவ்வளவு காசும், எடையும், சூடும்.

சரி, ரெண்டு சேனல்னா என்ன? 1960-களின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்பிலும் ரெண்டு சேனல் உண்டு. ஆனா அது ரெண்டு பேர் தனித்தனியா ஒயர் செருகிக்கிற ஏற்பாடு. இப்போ ரெண்டு சேனல்னு சொல்றது வேற. ஒண்ணு சுத்தமான ஒலி, இன்னொண்ணு கரகர ஒலி, நடுவில் காலால் மிதிக்கிற ஒரு சுவிட்ச். முதல் சேனலில் சிக்னல் ஒண்ணு ரெண்டு கட்டம் பெருகி வெளியே போயிடும். ரெண்டாவதில் ஒரு கட்டம் பெருக்கினதை அடுத்த கட்டம் வாங்கி இன்னும் பெருக்கி, அதை அடுத்தது வாங்கி... கடைசியில் வேணும்னே உடைச்சு அனுப்பும். இந்த அடுக்குப் பெருக்கலை 1970-களில் பிரபலமாக்கினது கலிஃபோர்னியாவில் மேசா பூகி ஆம்ப் செய்த ராண்டல் ஸ்மித். அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ளே காலால் சேனல் மாத்தற வசதியும் வந்தாச்சு. லண்டனில் கடை வச்சிருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்துச் செய்ய ஆரம்பிச்ச ஆம்ப் வரிசையிலும் 1980-களின் தொடக்கத்தில் இந்த வசதி சேர்ந்துச்சு. பாட்டுக்கு நடுவில் ஒரு மிதி, ஆளே மாறின மாதிரி ஒலி மாறும்.

வரலாறு போதும். எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

மூணு வருஷம்னு சொல்லி 2012-ல் ஷில்லாங்குக்கு மாற்றலில் வந்தவன் நான். மூணு பதிமூணு ஆயிடுச்சு. இந்த ஊரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: இந்தியாவில் கிட்டார் இல்லாத வீட்டைத் தேட வேண்டிய ஊர் இதுதான். லூ மஜா 1972-லிருந்து வருஷா வருஷம் மே 24-ல் பாப் டிலனுக்குப் பிறந்தநாள் கச்சேரி நடத்தற ஊர். 2003-ல் ரூடி வாலாங்கும் திப்ரிதி கர்பாங்கரும் 'சோல்மேட்'னு ப்ளூஸ் குழு ஆரம்பிச்சு, 2007-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் வரைக்கும் போட்டிக்குப் போனாங்க. இங்கே வளர்ற பிள்ளை வீணை கேக்கும்னு எதிர்பார்த்தா அது நம்ம அறியாமை. என் மகள் பத்து வயசில் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டாள்.

2016-ல் குவாஹாட்டியில் ஒரு பேண்டுக்காரர் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனார். அவர்கிட்ட வாங்கினதுதான் இந்த ஆம்ப். கம்பெனி பேர் சொன்னா ரசிகர் மன்றச் சண்டை வரும், வேண்டாம். 40 வாட்ஸ், ரெண்டு ஈஎல்34 பவர் வால்வு, முன்னாடி நாலு சின்ன 12ஏஎக்ஸ்7 வால்வு, ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், எடை இருபது கிலோவுக்கு மேலே. ஷேர் சுமோவில் அதுக்கும் ஒரு சீட்டுக் காசு கேட்டான் டிரைவர். நியாயம்தான், பக்கத்தில் இருந்தவரை விட அது அகலம்.

வீட்டுக்குள்ளே கொண்டு வந்து வச்சதும் தங்கமணி சுத்தி ஒரு நடை நடந்து பாத்தாங்க.

"ஏங்க, இது வீட்டுக்குள்ள வைக்கிற சாமானா? கோயில் கொடைக்கு வைக்கிறதுல்லா?"

அவங்க பயம் ஒலியைப் பத்தி மட்டும் இல்லை. வெளியூரில் குடியிருக்கிற எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. வந்த இடத்தில் சத்தம் காட்டாம இருக்கணும். வாசலில் சண்டை போடக்கூடாது, மீன் வாடை அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது, டிவி நம்ம காதுக்கு மட்டும் கேக்கணும். டில்லியில் இருந்தப்பவும் அப்படித்தான் இருந்தோம். இங்கே அதுக்கு இன்னும் கனமான காரணம் இருக்கு. வெளியாட்களுக்கு காசி மொழியில் தனியா ஒரு சொல்லே உண்டு, 'ட்கார்'. 1979-ல் வங்காளிகள் மேலயும், 1987-ல் நேபாளிகள் மேலயும், 1992-லும் இந்த ஊரில் கலவரம் நடந்திருக்கு. தங்கள் நிலம் சிறுசு, தங்கள் ஜனத்தொகை சிறுசுன்னு காசி மக்களுக்கு இருக்கிற பயத்தில் நியாயம் இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். அந்தப் பயத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பயம் எங்களோடது. இதுக்கு நடுவில் 40 வாட்ஸ் வால்வு ஆம்ப்!

நாங்க இருக்கிறது அசாம் பாணி வீட்டின் மாடி. மரச்சட்டம், மரத்தரை, மெல்லிய சுவர், மேலே தகரக்கூரை. கீழே வீட்டுக்காரம்மா. காசி சமூகத்தில் கடைக்குட்டிப் பெண்ணுக்குத்தான் குடும்ப வீடு வரும். இவங்க அந்தக் கடைக்குட்டி, வயசு எழுபது. மரியாதைக்கு 'கோங்'னு கூப்பிடணும், நம்ம அக்கா மாதிரி. மரத்தரையில் நாங்க கரண்டியைத் தவறவிட்டாலே அவங்களுக்குக் கேக்கும்.

இந்த ஆம்ப்பின் குணமும் இந்த வீட்டின் குணமும் நேர் எதிர். வால்வு ஆம்ப் அதன் இயல்பான ஒலியைக் குடுக்கணும்னா பவர் வால்வும் ஸ்பீக்கரும் உழைக்கணும். உழைக்கணும்னா வால்யூமைத் திருப்பணும். திருப்பினா தெருவுக்கே கேக்கும். பின்னாடி '20 வாட்ஸ்'னு பாதி பவர் சுவிட்ச் ஒண்ணு இருக்கு. பாதி பவர்னா பாதிச் சத்தம்னு நினைப்போம். இல்லை. பவர் பாதியானா குறையறது 3 டெசிபல்தான், காதுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. காதுக்குப் பாதின்னு தோணணும்னா பவர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கா குறையணும். 40 வாட்ஸ் ஆம்ப், 4 வாட்ஸ் ஆம்ப்பைப் போல ரெண்டு மடங்குதான் சத்தமா கேக்கும். ஆம்ப் வாங்கற அப்பாக்கள் இந்தக் கணக்கை மனசில் வச்சுக்கணும்.

முதல் வாரம் மகள் வால்யூமை ஒண்ணுக்கும் கீழே வச்சு வாசிச்சாள். நாலாம் நாள் படியில் காலடிச் சத்தம். கோங். தங்கமணி முகம் வெளிறிப்போச்சு. நான் ஹிந்தியில் மன்னிப்பு வாக்கியம் ஒண்ணைத் தயார் பண்ணிக்கிட்டு நின்னேன்.

அவங்க ஆம்ப்பை ஒரு பார்வை பாத்துட்டு, "பாட்டிலுக்குள்ளே கொசு மாட்டின மாதிரி நாலு நாளா கேக்குது. வாசிக்கறதுன்னா ஒழுங்கா வாசிக்கணும், இல்லைன்னா வாசிக்கக் கூடாது"ன்னாங்க. அப்புறம் சட்டம் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை கிடையாது. வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிற அன்னைக்குக் கிடையாது. மத்த நாளில் ராத்திரி எட்டரை வரைக்கும். எட்டரை தாண்டினா கீழே இருந்து தொறப்பக் கட்டையால் கூரையை மூணு தட்டு தட்டுவேன், அதோட நிறுத்திடணும். அவ்வளவுதான். டீ கூடக் குடிக்காம இறங்கிப் போயிட்டாங்க.

மறுநாள் அவங்க தம்பி மகன் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவர். அத்தை அனுப்பினாங்களா, ஆம்ப் ஆசையில் தானா வந்தாரான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கு அடுத்த வாரம் என் ஆபீஸில் வேலை பார்க்கிற ஐஸ்வால்காரர் ஒருத்தர் மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்தார். காலேஜ் காலத்தில் பேண்டில் இருந்தவர். ஆக, ஒரே ஆம்ப்புக்கு மூணு கிட்டார்.

ஒரே பெட்டியை மூணு பேர் எப்படி நடத்தறாங்கன்னு பாக்கறது தனி சுவாரசியம். வாத்தியார் முதல் சேனலை விட்டு நகரவே மாட்டார். கெயின் குறைச்சு, ரிவெர்ப் கொஞ்சம் ஏத்தி, மணி அடிச்ச மாதிரி ஒலி. நான் 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் வர்ற அந்த நிலாப் பாட்டின் கிட்டாரை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டுட்டு அதே சேனலில் வாசிச்சார் பாருங்க, தங்கமணி அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்தாங்க. ஐஸ்வால்காரர் நேர்மாறு. அவருக்கு ரெண்டாவது சேனல்தான் சேனல். கெயின் முக்கால், நடு ஒலி முழுசு. "முதல் சேனல் எதுக்கு?"ன்னு கேட்டா "டியூன் பண்ண"ன்னு சொல்லுவார்.

மகள்தான் ரெண்டையும் மாத்தி மாத்தி மிதிக்கிறவள். அதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆம்ப்பில் சேனல் ரெண்டா இருந்தாலும் பாஸ், மிடில், ட்ரெபிள் திருகு ஒரே செட்தான். ரெண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் மாதிரி. சுத்த ஒலி பளிச்சுன்னு கேக்கணும்னு ட்ரெபிளை ஏத்தினா, மிதிச்ச உடனே ரெண்டாவது சேனல் ஊசியா குத்தும். அதை மட்டுப்படுத்தினா முதல் சேனல் கம்பளி போத்தின மாதிரி ஆயிடும். ரெண்டுக்கும் பொதுவா ஒரு இடம் கண்டுபிடிக்க அவளுக்கு மூணு மாசம் ஆச்சு. கண்டுபிடிச்சதும் அம்மாவோட ஒட்டுப்பொட்டை எடுத்துத் திருகு பக்கத்தில் ஒட்டிட்டா. வாத்தியாருக்குச் சிவப்பு, ஐஸ்வால்காரருக்குப் பச்சை, அவளுக்குக் கறுப்பு. இன்னைக்கும் அந்தப் பொட்டுகள் அங்கேயேதான் இருக்கு.

மழைக்காலம் வேற கதை. தகரக்கூரையில் ஷில்லாங் மழை விழற சத்தத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும், பக்கத்தில் பேசறது கேக்காது. குற்றாலச் சாரல் இல்லைங்க இது, அருவியே கூரைமேல விழற மாதிரி. ஜூன், ஜூலையில் மழை பிடிச்சதும் மகள் வால்யூமை அஞ்சுக்கு ஏத்துவாள். அப்போதான் இந்த ஆம்ப்பின் நிஜக் குரலை நாங்க கேட்டோம். மரத்தரை வழியா பாதத்தில் ஏறும். கோங்குக்குத் தெரியாதா என்ன, மழை விட்டதும் சரியா தட்டு விழும்.

2018 மே கடைசியில் பஞ்சாபி லேன் பக்கம் நடந்த ஒரு தகராறு பெரிசாகி, ஜூன் ஆரம்பத்தில் ஊரடங்கு வந்துச்சு. மொபைல் இன்டர்நெட்டை நிறுத்தினாங்க. ராத்திரியில் தூரத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சு. பிரச்சினை தலைமுறைகளா இங்கே இருக்கிற பஞ்சாபிக் குடும்பங்களைப் பத்தினது, எங்களைப் பத்தினது இல்லை. ஆனாலும் நாங்க விளக்கைச் சீக்கிரம் அணைச்சோம். தங்கமணி ஆம்ப்பின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாங்க. "ஏட்டி, கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே போவாத" அப்படின்னு மகள்கிட்ட சொன்னாங்க. பன்னிரண்டு வயசுப் பொண்ணு, ஏன்னு கேக்கல. அவள் கேக்காததுதான் எனக்கு வலிச்சுது. அவள் பள்ளித் தோழிங்க பாதிப் பேர் காசிப் பொண்ணுங்க. அவள் காசி பேசுவாள், நாங்கதான் பேசமாட்டோம். இந்த ஊர் எங்களுக்கு வேலை பார்க்கிற ஊர், அவளுக்கு ஊரே இதுதான். அவளை உக்கார வச்சு 'நாம வெளியாட்கள்'னு நான் சொல்லிக் குடுக்கல. அந்தப் போர்வை சொல்லிக் குடுத்துருச்சு.

ஊரடங்கு தளர்ந்த பிறகும் போர்வை அப்படியே இருந்துச்சு. ஒரு வாரம், ரெண்டு வாரம். மழை கொட்டுது, ஆம்ப் சும்மா இருக்கு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாத்தியார் கிட்டாரோட ஏறி வந்தார்.

"அத்தை கேக்கறாங்க. ஆம்ப் கெட்டுப்போச்சா?"

"இல்லை பா. ஊர் நிலைமை..."

(காசி ஆண்களை மரியாதையா 'பா'ன்னு கூப்பிடணும். நம்ம ஊர் 'சொல்லுப்பா'வோட பா இல்லை.)

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பாத்துக்கிட்டு இருந்தார். 'அதெல்லாம் ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க'ன்னு சொல்லல. அப்படிச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவும் மாட்டேன். "நிலைமை நல்லா இல்லைதான்"ன்னார். போர்வையை அவரே எடுத்து மடிச்சு நாற்காலியில் வச்சார். பவர் சுவிட்சைப் போட்டு, வால்வு சூடாகறதுக்குக் காத்திருந்து, ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தள்ளினார். சிவப்புப் பொட்டுக்குத் திருகினார். சர்ச்சில் வாசிக்கிற ஏதோ ஒண்ணு, மெதுவா. அப்புறம் மகளைப் பாத்துத் தலையாட்டினார். அவள் அம்மாவைப் பாத்தாள். தங்கமணி ஒண்ணும் சொல்லல. மகள் ரெண்டாவது சேனலை மிதிச்சாள்.

ரெண்டு மணி நேரம் போயிருக்கும். எட்டரைக்குக் கீழே இருந்து தொறப்பக் கட்டை மூணு தட்டு தட்டுச்சு. வழக்கம் போல. ஒரு நிமிஷம் கூடச் சலுகை கிடையாது. ரெண்டு வாரத்துக்கு அப்புறம் தங்கமணி அப்போதான் சிரிச்சாங்க.

அந்தத் தட்டை நான் பல தடவை யோசிச்சுப் பாத்திருக்கேன். இந்த ஊரில் எங்களுக்கு அன்பா பேசினவங்க நிறையப் பேர் உண்டு. ஆனா சட்டம் போட்டு, அந்தச் சட்டத்துக்குள்ளே சத்தம் போட்டுக்கோன்னு விட்டவங்க கோங்தான். விருந்தாளியை யாரும் தொறப்பக் கட்டையால் தட்ட மாட்டாங்க. குடியிருக்கிறவங்களைத்தான் தட்டுவாங்க.

எல்லாருக்கும் இப்படி வாய்க்கும்னு கதை விடமாட்டேன். 2022 ஜனவரியில் ஒரு சாயங்காலம் ஐஸ்வால்காரர் வாசிச்சுக்கிட்டு இருந்தப்போ, பின்பக்கம் ஒரு பவர் வால்வின் உள்தகடு அடுப்புக் கரி மாதிரி சிவந்துச்சு. அவர் பாஞ்சு வந்து சுவிட்சை அணைச்சார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும். பவர் வால்வு பல்பு மாதிரிதான், ஆயுசு முடிஞ்சா போகும், ஆம்ப்பைக் குத்தம் சொல்ல முடியாது. அதைச் சரி பண்ண ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கைத் தேடிப் பிடிச்சோம். சில்ஹெட் வங்காளி. அவங்க அப்பா காலத்துக் கடை.

அவர் வேலை செய்றதைப் பாக்கணும். முதல்ல கப்பாசிட்டர்களில் தேங்கி நிக்கிற மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியா வடிச்சார். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிக்கும், ஆளையே கொல்லும். புது வால்வு போட்டு, கரண்டு விட்டு அளக்கும்போது இடது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள்ளே வச்சுக்கிட்டார். ரெண்டு கையும் பட்டா மின்சாரம் நெஞ்சு வழியா போகும்கிறதால் பழைய ஆட்கள் பழகின பழக்கம். பவர் வால்வை ஒத்தையா மாத்தக் கூடாது, ஒரே மாதிரி இழுக்கிற ஜோடியாத்தான் போடணும், போட்டதும் பயாஸ் திருத்தணும்னு சொல்லிக் குடுத்தார். ஒரு காலத்தில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸே வால்வு செஞ்சுது, அந்த 12ஏஎக்ஸ்7 நாலஞ்சு இன்னும் என் டப்பாவில் இருக்குன்னு பெருமையா காட்டினார். இப்போ உலகத்துக்கே ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனான்னு விரல் விட்டு எண்ற தொழிற்சாலைகள்தான். நாங்க மாத்தின ரெண்டு மாசத்தில், 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வால்வு ஏற்றுமதி கொஞ்ச நாள் நின்னு விலை எகிறிப்போச்சு.

ஆம்ப்பை ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி அவர் கடைக் கதவைப் பாதி சாத்தினார். ஏன்னு கேட்டேன். "1979-ல் இருபது நாள் இதை முழுசா மூடி வச்சிருந்தோம். நான் இதே ஊரில் பிறந்தவன். இன்னைக்கும் ரேடியோவைச் சத்தமா வைக்கணும்னா கை ஒரு நிமிஷம் யோசிக்கும்"னார். எங்களுக்கு ஒரு கோங் வாய்ச்சாங்க. அவருக்கு வாய்க்கல. அதுக்கு மேல் அவரும் பேசல, நானும் கேக்கல.

இனி புனே, குர்கான் நண்பர்களுக்கு நேரடிப் பதில்.

வாங்கறதுக்கு முன்னாடி பிள்ளைக்கு எது பிடிக்கும்னு பாக்கறதோட, கீழ் வீட்டில் யார் இருக்காங்கன்னும் பாருங்க. அபார்ட்மென்ட்னா 5 வாட்ஸ் வால்வே தாராளம், 15 வாட்ஸே அதிகம். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிகள் சொல்ற அளவு பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்துக்கு மேல் 45. வால்வு ஆம்ப் மெதுவா பாடினாலே அதைத் தாண்டும்.

ரெண்டு சேனல் ஆம்ப்னா கடையில் சேனல் மாத்திப் பாக்கும்போது ட்ரெபிள், பாஸ் திருகைத் தொடாதீங்க. ஒரே அமைப்பில் ரெண்டு சேனலும் கேக்கற மாதிரி இருக்கா, மாத்தும்போது சத்தம் திடீர்னு எகிறுதா, ரெண்டாவது சேனலில் வாசிக்காதப்போ இரைச்சல் எவ்வளவுன்னு பாருங்க. பழைய ஆம்ப்னா பென்சில் முனையால் சின்ன வால்வுகளை லேசா தட்டச் சொல்லுங்க. மணி மாதிரி ஸ்பீக்கரில் திருப்பிக் கேட்டா அந்த வால்வு மாத்த வேண்டியது. ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு ஒருபோதும் ஓட்டாதீங்க, டிரான்ஸ்ஃபார்மர் எரியும். நல்ல ஸ்டெபிலைசர் போடுங்க. எங்க ஊரில் குளிர்கால ராத்திரி 180-க்கு இறங்கும், அப்போ ஒலியும் சோம்பிப் போகும். பின்பக்கத்தை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். பையன் காதுக்கு பிளக் வாங்கிக் குடுங்க. காது போனா மாத்த வால்வு கிடையாது.

கைக்கடக்கமான டிஜிட்டல் ஆம்ப் பத்தாயிரத்துக்குள்ளே கிடைக்குது, ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு நடுராத்திரியிலும் வாசிக்கலாம். ஒலியில் பத்துக்கு எட்டு மார்க் தாராளமா தருவேன். 2024-ல் மகள் காலேஜுக்குப் பெங்களூர் போனாள், ஹாஸ்டலில் அதுதான் வச்சிருக்கா. கற்றுக்கொள்ள அது போதும். வித்தியாசம் என்னன்னா, அதை வாசிச்சா யாரும் படியேறி வர மாட்டாங்க. திட்டவும் வர மாட்டாங்க, கூட வாசிக்கவும் வர மாட்டாங்க.

அடுத்த வருஷம் எனக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் மாற்றல் கிடைக்கலாம்னு பேச்சு. வாத்தியார் இப்பவும் வியாழக்கிழமை தவறாம வர்றார். கோங்குக்கு எண்பது நெருங்குது, படியேறறது இல்லை, ஆனா எட்டரை தட்டு மட்டும் நிக்கல. எதை எடுத்துட்டுப் போறது, எதை வித்துட்டுப் போறதுன்னு தங்கமணி இப்பவே பட்டியல் போட ஆரம்பிச்சாச்சு. பிரிட்ஜ் விற்பனை, கட்டில் விற்பனை, கிரைண்டர் கூட வரும். ஆம்ப்புக்கு நேரா 'வாத்தியாருக்கு'ன்னு எழுதியிருந்தாங்க.

"மகள் கேட்டா?"ன்னேன்.

"கேட்டுட்டேன். அவளும் அதைத்தான் சொன்னா. அங்க கொண்டுபோய் வச்சா யாருங்க தட்டுவா?"